விடுமுறை என்னும் உடன்படிக்கை

ஈஸ்டரும் சீனத்துப் பித்ரு தினமும் ஒரே சட்டத்தின் கீழ் இடம் பெற்றிருக்கும் நகரம் ஹாங்காங். அங்கே பண்டிகை நாட்களைக் கிழக்கும் மேற்கும் பங்கிட்டுக்கொண்ட விதத்தையும், அந்தப் பங்கீட்டில் யார் யாருக்கு என்ன கிடைத்தது என்பதையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு நகரத்து ஜனங்கள் எந்தெந்தத் தெய்வங்களைத் தொழுகிறார்கள் என்பதை அந்நகரத்துக் கோயில்களைச் சுற்றிவந்து தெரிந்துகொள்ளலாம். அத்தெய்வங்களுள் எவற்றுக்கு அரசாங்கம் தன் அலுவலகக் கதவுகளைச் சாத்தி மரியாதை செய்கிறது என்பதை அறிய வேண்டுமானால், சர்க்கார் வெளியிடும் விடுமுறைப் பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கின் பொது விடுமுறைச் சட்டம், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, ஆண்டொன்றுக்கு 17 நாட்களை வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஓய்வு நாட்களாக வகுத்திருக்கிறது. அவற்றுள் சீனர்களின் பரம்பரைப் பண்டிகைகளைச் சேர்ந்தவை 7. கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவை 5. புத்தர் பிறந்த நாள் ஒன்று. எஞ்சிய நான்கும் ஆங்கிலப் புத்தாண்டு, மே தினம், ஜூலை முதல் தேதி, அக்டோபர் முதல் தேதி என்று உலக வழக்கையும் அரசாட்சியையும் பற்றியவை.

1841-ஆம் ஆண்டு தொடங்கி 1997 வரை, இடையே ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த சில ஆண்டுகள் தவிர, ஆங்கிலேயர் ஆண்ட அந்தத் துறைமுகத்தில் இவ்விரண்டு சம்பிரதாயங்களும் ஒன்றோடொன்று கரைந்து புதியதொரு சம்பிரதாயம் பிறந்துவிட்டது என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும். கூர்ந்து நோக்கினால் உண்மை வேறாக இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு நாளும் தன் பழைய கணக்கையும் தன் பழைய ஆகாரத்தையும் தன் பழைய தெய்வத்தையும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. கலந்தவர்கள் மனிதர்களே, நாட்கள் தனித்தனியாகவே நிற்கின்றன.

ஒரே நாளில் இரண்டு கல்லறைகள்

சீனப் பஞ்சாங்கம் சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணிப்பது. புத்தாண்டு அமாவாசையன்று பிறக்கிறது; டிராகன் படகுத் திருநாள் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள்; முன்னோரை வழிபடும் இரண்டாவது தினமாகிய சுங் யங் ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாள். இவையெல்லாம் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்காண்டு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருக்க, கல்லறைகளைத் துப்புரவு செய்யும் நாளாகிய சிங் மிங் மாத்திரம், நம் சித்திரைப் பிறப்பைப்போலச் சூரியனின் கதியை ஒட்டி அமைந்திருப்பதால், பெரும்பாலும் ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதியை விட்டு அகலுவதில்லை. மேல்நாட்டாரின் விழாக்களோ நிலையான தேதிகளைக் கொண்டவை என்று நாம் எண்ணினாலும், அவர்களுடைய தலையாய பண்டிகையாகிய ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் அமைவதால், அதுவும் சந்திரனுக்குக் கட்டுப்பட்டதே ஆகும்.

இந்த இரண்டு கணக்குகளும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் வந்து முட்டிக்கொள்கின்றன. 2015-இல் ஏப்ரல் 5, 2021-இல் ஏப்ரல் 4, 2026-இல் மறுபடியும் ஏப்ரல் 5 என்று மூன்று ஆண்டுகளில் உயிர்த்த ஞாயிறும் சிங் மிங்கும் ஒரே தினத்தில் அமைந்தன. ஒரு சாரார் மாதா கோயிலில் கூடி, கல்லறை வெறுமையாயிற்று என்று களிகூர்ந்து பாடும் அதே காலை நேரத்தில், மற்றொரு சாரார் மலைச்சரிவுகளில் ஏறிக் கல்லறைகளின்முன் மண்டியிடுகிறார்கள். சட்டம் இந்தச் சிக்கலை நிதானமாகத் தீர்த்துவைத்திருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஓய்வு நாளாதலால், சிங் மிங்குக்குரிய விடுமுறை திங்களுக்குப் போகிறது, திங்களன்று வரவேண்டிய ஈஸ்டர் விடுமுறை செவ்வாய்க்குத் தள்ளப்படுகிறது. பெரிய வெள்ளியில் தொடங்கிச் செவ்வாய் முடிய ஐந்து நாட்கள் நகரம் ஓய்ந்திருக்கும். விமான நிலையம் மாத்திரம் நிரம்பி வழியும்.

சிங் மிங் அன்று நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். சீனருடைய பெரிய இடுகாடுகள் செங்குத்தான குன்றுகளில் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கின்றன. தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் முழுவதும் விளக்குமாறும் கத்தரியும் ஏந்திப் படிகளில் ஏறிவந்து, ஓராண்டாக மண்டிய புல்லைக் களைந்து, கல்லில் மங்கிப்போன எழுத்துகளின்மேல் மெல்லிய தூரிகையால் சிவப்பு வர்ணம் தீட்டுகிறார்கள். பிறகு சமைத்த கோழியும் ஆரஞ்சுப் பழங்களும், வசதியுள்ளவர்களானால் முழுதாக வறுத்த பன்றியும், சின்னஞ்சிறு கிண்ணங்களில் தேநீரும் மதுவும் படைத்து, ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். காகிதப் பணத்தையும், காகிதத்தில் செய்த சட்டைகளையும், இக்காலத்துக்கு ஏற்பக் காகிதக் கைபேசிகளையும் தீயில் இடுவது அடுத்த சடங்கு. அத்தீ காய்ந்த புல்லில் பற்றிக் குன்றே எரிந்துவிடக் கூடாதே என்று தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுப்பதும் அந்நாளின் சம்பிரதாயங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. எல்லாம் முடிந்தபின், படைத்த ஆகாரத்தை அங்கேயே பங்கிட்டு உண்டு கீழிறங்குகிறார்கள்.

இவ்வாறு முன்னோரை வணங்குவது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா என்ற கேள்வி ஒரு காலத்தில் மிகப் பெரிய விவகாரமாக இருந்தது. 1742-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட், சீனக் கத்தோலிக்கர்கள் இச்சடங்குகளைச் செய்யலாகாது என்று திட்டமாக விலக்கினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, 1939-இல், பன்னிரண்டாம் பயஸின் ஆட்சியில் அந்தத் தடை தளர்த்தப்பட்டு, முன்னோருக்குச் செய்யும் மரியாதை சமுதாய ஆசாரமே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஹாங்காங்கின் கத்தோலிக்கச் சீனன் ஈஸ்டர் பூசைக்கும் பாட்டனாரின் கல்லறைக்கும் மனக்கிலேசமின்றிப் போய்வருவதற்கு, ரோமாபுரியில் நிகழ்ந்த இந்த மனமாற்றமும் ஒரு காரணம்.

குதிரையும் காற்றாடியும்

சந்திர கணக்கிலான புத்தாண்டுக்கு மூன்று நாட்கள் விடுமுறை. அதற்கு முந்திய ஒரு வாரம் விக்டோரியா பூங்காவில் பூச்சந்தை. பீச் மரக்கிளைகளும், பொன்னிறச் சிறு ஆரஞ்சுகள் காய்த்த தொட்டிச் செடிகளும், நார்சிசஸ் கிழங்குகளும் மலிந்து கிடக்கும். வங்கி வாசல்களில் புது நோட்டு வாங்கக் காத்திருப்போரின் வரிசை நீண்டிருக்கும். சிவப்புக் காகித உறையில் இட்டுக் கொடுக்கும் ‘லாய் சீ’ப் பணம் கசங்கியதாக இருக்கலாகாது என்பது ஐதிகம். மணமானவர் மணமாகாதவருக்கும், மூத்தோர் இளையோருக்கும், முதலாளி தொழிலாளிக்கும் கொடுப்பது முறை. விடுமுறை கழிந்து அலுவலகம் திறக்கும் முதல் நாளன்று, சீன மொழி ஒரு வார்த்தையும் பேசத் தெரியாத ஐரோப்பிய மேலாளரும் கோட்டுப் பையில் ஒரு கட்டுச் சிவப்பு உறைகளைத் திணித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய்வருவார். கொடுக்கத் தவறினால், அவர் அந்த ஆண்டு முழுவதும் அதன் பலனை அநுபவிக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1967-ஆம் ஆண்டுக் கலவரத்தில் வெடிகுண்டுகள் வெடித்ததை அடுத்து, பட்டாசு கொளுத்துவதை அரசாங்கம் தடை செய்துவிட்டது. இன்றுவரை அத்தடை நீங்கவில்லை. சீனப் புத்தாண்டைச் சத்தமில்லாமல் கொண்டாட நேர்ந்த அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைத்தது ஓர் ஆங்கில வியாபார நிறுவனம். அபினி வியாபாரத்தால் செழித்த ஜார்டின் மாதிசன் கம்பெனி, தன் 150-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1982-இல் துறைமுகத்தின்மேல் நடத்திய வாணவேடிக்கை, பின்னர்ச் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளிரவுக்கே உரிய வழக்கமாக நிலைத்துவிட்டது.

மூன்றாம் நாளைப் பற்றிய நம்பிக்கை விசித்திரமானது. அன்று உறவினர் வீடுகளுக்குப் போனால் சண்டை மூளும் என்பார்கள். ஆகவே ஜனங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஷா டின் என்னும் பகுதியிலுள்ள சே குங் கோயிலில் போய்க் குவிகிறார்கள். சே குங், சோங் வம்சத்துத் தளபதி. கொள்ளைநோயை விரட்டியவர் என்ற கீர்த்தியால் தெய்வமாகியவர். அவர் சந்நிதியில் நிற்கும் பித்தளைக் காற்றாடியைக் கையால் சுழற்றினால் அதிர்ஷ்டம் திரும்பும் என்பது நம்பிக்கை. சுழற்றி முடித்து, வண்ணக் காகிதக் காற்றாடியொன்றை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களில் பலர் நேரே போகும் இடம், அதே ஷா டினிலுள்ள குதிரைப் பந்தய மைதானம். ஆங்கிலேயர் கொண்டுவந்த பந்தயம். 1884-இல் நிறுவப்பட்ட ஜாக்கி கிளப் நடத்துவது. ஆயினும் ஆண்டின் விசேஷப் பந்தயங்களுள் ஒன்று சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாளில், பஞ்சாங்கம் கற்பித்த பயத்தையும் பஞ்சாங்கம் தந்த அதிர்ஷ்டத்தையும் நம்பி நடக்கிறது.

அதே கோயிலில் இரண்டாம் நாளன்று நகரத்தின் பொருட்டே ஒரு குறிச் சீட்டு எடுப்பது வழக்கம். 2003-இல் அரசாங்கத்தின் உள்துறை விவகாரச் செயலாளர் எடுத்த சீட்டு துர்க்குறியாக வாய்த்தது; அவ்வாண்டு வசந்தத்திலேயே சார்ஸ் நோய் பரவி ஹாங்காங்கில் 299 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அரசாங்க அதிகாரிகள் அந்தச் சீட்டைத் தொடுவதில்லை. கிராமத்தாரின் பிரதிநிதி சபையாகிய ஹியூங் யீ குக்கின் தலைவரே எடுக்கிறார். மேல்நாட்டு நிர்வாக முறையில் பயின்ற அதிகார வர்க்கம், தெய்வத்தோடு பேசும் பொறுப்பை மாத்திரம் மரியாதையாக வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டது.

அரசர்கள் போனபின்

சமயம் சாராத நாட்களின் சரித்திரம் சுருக்கமானது. ஆங்கிலேயர் காலத்தில் மகாராணியின் பிறந்த நாள் ஜூன் மாதத்திலும், ஜப்பானியரிடமிருந்து நகரம் மீண்ட 1945-ஆம் ஆண்டை நினைவூட்டும் விடுதலை நாள் ஆகஸ்டின் இறுதியிலும் விடுமுறைகளாக இருந்தன. ஆட்சி மாறியதும் அவை போயின. நகரம் சீனாவிடம் திரும்பிய நாளாகிய ஜூலை முதல் தேதியும், சீனத்தின் தேசிய தினமாகிய அக்டோபர் முதல் தேதியும் வந்தன. 1999 முதல் மே தினமும் புத்தர் பிறந்த நாளும் பட்டியலில் ஏறின. பௌத்த சங்கங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டும் ஆங்கிலேய அரசாங்கம் தராத விடுமுறை அது. அந்த முதல் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கெனப் பீஜிங்கிலிருந்து புத்தரின் புனிதப் பல் கொண்டுவரப்பட்டு, ஜனங்களின் தரிசனத்துக்கு வைக்கப்பட்டது.

ஆயினும் அந்நிய ஆட்சி சீனப் பண்டிகைகளை நசுக்கிவிட்டது என்று எவரேனும் எண்ணுவாராயின், அது பிழை. சீனக் குடியரசு 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்திர கணக்குப் புத்தாண்டை மூடநம்பிக்கையென்று ஒழிக்க முயன்றது. மக்கள் சீனத்தில் சிங் மிங்கும் டிராகன் படகுத் திருநாளும் நடு இலையுதிர்காலத் திருநாளும் பொது விடுமுறைகளாக ஆனது 2008-இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே அந்நாட்களில் ஹாங்காங்கின் அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. குடிகளின் ஆசாரங்களில் அநாவசியமாகத் தலையிட்டு வியாபாரத்துக்கு இடையூறு தேடிக்கொள்ளாத காலனி அரசின் சுயநலம், தாய்நாட்டுப் புரட்சிகள் கைவிட்டதைக் கட்டிக் காத்துவிட்டது.

புத்தர் பிறந்த நாளன்று சியுங் சாவ் என்னும் சிறு தீவில் நடக்கும் திருவிழாவில் அந்தப் பழைய சீனத்தை இன்றும் காணலாம். தீவின் தெய்வமாகிய பாக் டாய் தாவோ மதத்தைச் சேர்ந்தவர், புத்தரோடு சம்பந்தமில்லாதவர். விழா நாட்களில் தீவே மாமிசத்தை விலக்குகிறது. அங்குள்ள மெக்டொனால்ட்ஸ் கடையும் காளான் பர்கர் விற்று விரதம் காத்ததுண்டு. மறைவான இரும்புச் சட்டங்களில் நிறுத்தப்பட்ட குழந்தைகள், கூட்டத்தின் தலைக்குமேல் மிதப்பதுபோல் ஊர்வலம் போவார்கள். அவர்களுள் சிலர் புராண வீரர்களாகவும், சிலர் அவ்வாண்டு ஜனங்களின் வாயில் அகப்பட்ட அரசியல்வாதிகளாகவும் வேஷம் புனைந்திருப்பார்கள். நள்ளிரவில் ரொட்டிக் கோபுரத்தில் ஏறி உருண்டை ரொட்டிகளைப் பறிக்கும் போட்டி நடக்கும். 1978-இல் மூங்கில் கோபுரம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றதால் நிறுத்தப்பட்டிருந்த அப்போட்டி, 2005-இல் எஃகுக் கோபுரத்தோடும் பாதுகாப்புக் கயிற்றோடும் திரும்பி வந்தது.

நடு இலையுதிர்காலத்துப் பௌர்ணமிக்கு வகுத்திருக்கும் விடுமுறையில் ஒரு நுட்பம் உண்டு. விடுமுறை பண்டிகையன்று இல்லை, மறுநாள். நிலவைப் பார்ப்பதும், விளக்கேந்தி உலாவுவதும், நிலாப் பணியாரம் உண்பதும் இரவில் நிகழ்வன. இரவெல்லாம் விழித்தவன் காலையில் உறங்கட்டும் என்று சட்டம் கருணையோடு நினைத்திருக்கிறது. அந்த இரவில் டாய் ஹாங் என்னும் பகுதியின் சந்துகளில், 1880-இல் பரவிய கொள்ளைநோயை ஓட்டுவதற்காகத் தொடங்கிய நெருப்பு டிராகன், 67 மீட்டர் நீளமுள்ள வைக்கோல் உடலெங்கும் ஆயிரக்கணக்கான ஊதுவத்திகள் கனல, முந்நூறு பேரின் தோள்களில் நெளிந்து செல்லும்.

எதை விடுவது, எவருக்கு விடுவது

டிசம்பர் மாதத்தில் கௌலூன் கரையோரத்து மாளிகைகள் மான் வண்டியும் நட்சத்திரமுமாக ஒளிர்கின்றன; ஜனவரியில் அதே சுவர்களில் மான் இறங்கி, வரப்போகும் ஆண்டுக்குரிய குதிரையோ ஆடோ ஏறிவிடுகிறது. அதே டிசம்பரின் 21 அல்லது 22-ஆம் தேதியில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் அயன நாள் வருகிறது. அது புத்தாண்டையும்விடப் பெரிதென்று சீனப் பழமொழி சொல்லும். அன்று மாலை அலுவலகங்கள் சீக்கிரமே வெறிச்சோடும்; ஒவ்வொரு வீட்டிலும் இஞ்சி மணக்கும் வெல்லப்பாகில் மிதக்கும் அரிசிமாவு உருண்டைகளைக் குடும்பத்தார் கூடியிருந்து உண்பார்கள். ஆனால் 17 நாள் பட்டியலில் இந்த நாளுக்கு இடமில்லை.

இடம் வேறொரு பட்டியலில் இருக்கிறது. ஹாங்காங்கில் விடுமுறைப் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. வங்கி, பள்ளி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றுக்கு முதலிற்சொன்ன 17 நாட்கள். இதை ‘வங்கி விடுமுறை’ என்பார்கள். தொழிலாளர் சட்டம் எல்லா உழைப்பாளிகளுக்கும் உறுதி செய்திருந்தது 12 நாட்களே. இது ‘தொழிலாளர் விடுமுறை’. அந்தப் பன்னிரண்டில் ஒன்று, அயன நாளா அல்லது கிறிஸ்துமஸா என்று முதலாளி தேர்ந்துகொள்ளும்படி விடப்பட்டிருக்கிறது. மேல்நாட்டுப் பண்டிகையையும் கீழ்நாட்டுப் பண்டிகையையும் சட்டம் ஒரே தராசில் வைத்து, தராசை முதலாளியின் கையில் கொடுத்துவிட்ட இடம் இது ஒன்றே. இதன்படி உணவகத்தில் பாத்திரம் துலக்குகிறவனும், கட்டடத்துக்குக் காவலிருக்கிறவனும், கட்டுமானத்தில் மூங்கில் சாரம் கட்டுகிறவனும் குமாஸ்தாவைவிட ஐந்து நாட்கள் அதிகமாக உழைத்தார்கள். அந்த ஐந்து எவை என்று பார்த்தால் விஷயம் துலங்கும்: பெரிய வெள்ளி, அதன் மறுநாள், ஈஸ்டர் திங்கள், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், புத்தர் பிறந்த நாள். மேல்நாட்டு விடுமுறை என்பது, அந்தச் சமயத்தை நம்பியவனுக்கு அல்லாமல், மேசையின்முன் அமர்ந்து வேலை செய்தவனுக்கே உரியதாயிற்று.

இதன் உச்சத்தை வீட்டுப் பணிப்பெண்களிடம் காணலாம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டுப் பெண்கள் ஹாங்காங்கின் வீடுகளில் சமைத்தும் குழந்தைகளைப் பேணியும் வாழ்கிறார்கள்; அவர்களுள் பெருந்தொகையினர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் மையப் பகுதியில், வங்கிகளின் நிழலில் அட்டைகளை விரித்து அமர்ந்து, சோறு பங்கிட்டு உண்டு, ஊருக்குப் பேசி, ஜெபம் செய்து பொழுது போக்குகிறார்கள். சட்டப்படி இவர்களுக்குரியது தொழிலாளர் விடுமுறையே. எனவே, சிலுவையில் அறையப்பட்ட இயேசுவை நினைந்து உருகும் பெரிய வெள்ளியன்று அப்பெண்ணுக்கு ஓய்வு தரவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அவள் எஜமானரோ, வீட்டில் குவான் யின் தேவிக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அதே பெரிய வெள்ளிக்காகக் கிடைத்த நான்கு நாள் விடுமுறையில் ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறார்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களும் உண்டு. ஆங்கிலேயரின் சேனையோடும் வியாபாரத்தோடும் வந்த இந்தியர்களின் வழித்தோன்றல்களுக்கு ஹாப்பி வேலியில் ஒரு கோயில் இருக்கிறது. கௌலூனின் நாதன் சாலையில், இந்தியச் சிப்பாய்களுக்காக 1896-இல் எழும்பிய பள்ளிவாசலின் இடத்தில் இப்போது பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. ரத்தின வியாபாரத்தின் பொருட்டுக் காயல்பட்டினத்திலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களும் அங்கே தொழுகிறார்கள். தீபாவளிக்கோ ரமலான் பெருநாளுக்கோ ஹாங்காங் கதவடைப்பதில்லை. இரண்டையும் பொது விடுமுறைகளாக வைத்திருக்கும் சிங்கப்பூரோடு ஒப்பிட்டால், ஹாங்காங்கின் சமரசம் இரண்டு தரப்புகளுக்கு இடையே மாத்திரம் எழுதப்பட்ட உடன்படிக்கை என்பது விளங்கும்.

ஆனால் இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்கும் வேலை தொடங்கிவிட்டது. 2021-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், தொழிலாளர் விடுமுறையில் இரண்டாண்டுக்கு ஒரு நாளாகச் சேர்த்துக்கொண்டே போக வழி செய்தது: 2022-இல் புத்தர் பிறந்த நாள், 2024-இல் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், 2026-இல் ஈஸ்டர் திங்கள், 2028-இல் பெரிய வெள்ளி, 2030-இல் அதன் மறுநாள். கீழ்நாட்டுச் சம்பிரதாயத்தையும் மேல்நாட்டுச் சம்பிரதாயத்தையும் ஒரே தாளில் எழுதுவதற்கு ஹாங்காங்குக்கு அதிக சிரமம் இருக்கவில்லை. அந்தத் தாளைக் குமாஸ்தாவுக்கும் கூலியாளுக்கும் பொதுவாக்குவதற்கு அந்நகரம் எடுத்துக்கொண்டிருக்கும் காலம் மிக நீண்டது. எந்த நகரத்தின் பண்டிகைப் பெருமையையும் அளக்க விரும்புகிறவர்கள், அங்கே எத்தனை தெய்வங்களுக்கு விடுமுறை என்று எண்ணியதோடு நிற்காமல், எத்தனை மனிதர்களுக்கு விடுமுறை என்பதையும் சேர்த்து எண்ணுவது நியாயமாகும்.